கரையான் படித்த புத்தகமும் உங்கள் விடைக்குறிப்பும்

தமிழ்த் தேர்வுக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் வகுக்கும் குழுவினருக்கு,

சென்ற பருவத் தேர்வில், பாடநூலில் இல்லாத உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்து அதன்மேல் கேள்விகள் கேட்டிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எத்தனையோ தாள்களுக்கு நடுவே உங்களுக்கு அது மறந்திருக்கும். ஏழே வாக்கியம்தான், முழுவதையும் இங்கே எடுத்து எழுதிவிடுகிறேன்.

“எங்கள் நூலகர் புத்தகங்களின் மேல் உயிரையே வைத்திருந்தார். கண்ட கையும் பட்டு அவை அழுக்காகிவிடக் கூடாது என்று எல்லா அலமாரிகளையும் பூட்டியே வைத்திருந்தார். சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும், தூங்கும்போதுகூட, அதாவது பகல் முழுவதும். அவர் காலத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலைந்ததில்லை. அவர் ஓய்வுபெற்ற அன்று அலமாரிகளைத் திறந்து பார்த்தார்கள். அட்டைகள் எல்லாம் வாங்கிய மேனிக்குப் புதிதாக இருந்தன. உள்ளே கரையான் மட்டும் கொஞ்சம் படித்திருந்தது.”

எழுதியவர் யாரோ, கை தேர்ந்தவர். ஆனால் அதற்குக் கீழே நீங்கள் கேட்டிருந்தது இது: “நூலகரின் நற்பண்புகளைத் தொகுத்து எழுதுக.” நான்கு மதிப்பெண். விடைக்குறிப்பில் நான்கு வரி: புத்தகங்களை நேசித்தல், தூய்மை பேணுதல், பொறுப்புடன் பாதுகாத்தல், பணியில் தவறாமை. வரிக்கு ஒரு மதிப்பெண்.

திருத்தும் மையத்தில் அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். எள்ளலை எள்ளலாலேயே தொடர்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. எழுந்து சொன்னேன்: ஐயா, இது புகழ்ச்சி இல்லை, வஞ்சப்புகழ்ச்சி. பகலெல்லாம் தூங்கும் மனிதருக்குப் ‘பணியில் தவறாமை’ என்று எப்படி மதிப்பெண் போடுவது? முதன்மைத் தேர்வாளர் நல்ல மனிதர். என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் தெரிகிறது. குறிப்பைத் தாண்டி நாம் போக முடியாது.” சரி என்று உட்கார்ந்துவிட்டேன். அன்று உட்கார்ந்ததற்கு இன்று வருந்துகிறேன்.

என் கட்டில் இருந்த விடைத்தாள்களில் பெரும்பாலானவை உங்கள் குறிப்பை அப்படியே ஒத்திருந்தன. பிள்ளைகள் கேள்விக்குக் கட்டுப்பட்டவர்கள். ‘நற்பண்பு’ என்று அச்சிட்டிருந்தால் நற்பண்பைத் தேடத்தான் செய்வார்கள். ஒரே ஒரு தாள் மட்டும் கண்ணில் நிற்கிறது. அதில் முதலில் ‘நூலகர் ஒரு தூங்குமூஞ்சி’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டு, அடுத்த வரியில் ‘நூலகர் மிகவும் பொறுப்பானவர்’ என்று எழுதியிருந்தது. அடித்த வரிக்கு மதிப்பெண் போட விதி இல்லை. அடிக்காமல் விட்ட பொய்க்குப் போட்டேன்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி அடிக்காமல் எழுதியிருக்கிறாள். அவளுடைய விடைத்தாளின் நகல் பிறகு கைக்கு வந்தது. அவள் எழுதியது இவ்வளவுதான்: “இந்தப் பகுதியில் நற்பண்பு எதுவும் சொல்லப்படவில்லை. புகழ்வது போலப் பழித்திருக்கிறார்கள். அவர் பகல் முழுவதும் தூங்குகிறார் என்று மூன்றாவது வாக்கியத்தில் இருக்கிறது. யாரையும் படிக்க விடாமல் பூட்டி வைத்தார், கடைசியில் கரையான் படித்தது.” எதிரே சிவப்பு மையில் ஒரு பூச்சியம். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம். ‘விடைக்குறிப்பின்படி மதிப்பிடப்பட்டுள்ளது, மாற்றமில்லை’ என்று பதில் வந்தது. “அப்போ நான் எழுதினது தப்பா ஐயா?” என்று கேட்டாள். தப்பில்லை என்றேன். “அப்புறம் ஏன் பூச்சியம்?” என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டிய பதில்.

பழி முழுவதும் உங்கள்மேல் என்று சொல்ல வரவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாக அணி இலக்கணம் நடத்துகிறேன். எனக்கும் இதில் பங்குண்டு. நன்னூல் சொல்லும் பன்னிரண்டு உவம உருபுகளையும், போலப் புரைய ஒப்ப உறழ என்று ராகம் போட்டு ஒப்பிக்க வைத்திருக்கிறேன். ‘மலர்முகம்’ வந்தால் உவமை, ‘முகமலர்’ வந்தால் உருவகம் என்று குறுக்குவழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தேர்வில் அது பலித்தது. பாட்டைப் படிக்காமலே அணியைக் கண்டுபிடிக்கும் ஒரு தலைமுறை அப்படித்தான் உருவானது.

அதன் விளைவை ‘மக்களே போல்வர் கயவர்’ என்ற குறளில் பார்த்தேன். பாடநூலுக்கு வெளியே இருந்து அதை எடுத்துக் கரும்பலகையில் எழுதி, என்ன அணி என்று கேட்டேன். வகுப்பே சேர்ந்து ‘உவமை!’ என்றது. உவமை மக்கள், உவமேயம் கயவர், உருபு ‘போல்’. கட்டம் போட்டு நிரப்பியாயிற்று. ‘கயவரும் மனிதர்தானே, மனிதரை மனிதரோடு ஒப்பிடுவார்களா?’ என்று கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்பெஞ்சில் ஒருவன் சிரித்தான். ‘அவரன்ன ஒப்பாரி யாங்கண்டதில்’, அதாவது இவ்வளவு ஒற்றுமையை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை என்ற அடுத்த அடியைப் படித்ததும் இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் சரியான விடை. அதை விடைத்தாளில் எங்கே எழுதுவது என்பதுதான் எங்கள் சிக்கல்.

அதே அதிகாரத்தில் மூன்றாவது குறள் ‘தேவர் அனையர் கயவர்’. வஞ்சப்புகழ்ச்சி என்று நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அந்தக் குத்து எந்தச் சொல்லில் இருக்கிறது என்று எந்த வினாத்தாளாவது கேட்டதுண்டா? ‘மேவன செய்தொழுகலான்’ என்ற காரணத்தில் இருக்கிறது. மேவன என்றால் விரும்பியவை. தேவர்களும் கேட்பார் இல்லாமல் நினைத்ததைச் செய்கிறார்கள், கயவர்களும் அப்படியே. இதே சொல் குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் வேறொரு கோபத்தில் வருகிறது. எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசிவிட்டுத் தன் வீட்டில், நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை போல ‘மேவன செய்யும் தன் புதல்வன் தாய்க்கே’ என்று ஒரு பரத்தை தலைவனைக் குத்துகிறாள். கயவன் தான் விரும்பியதைச் செய்கிறான், இந்த ஆள் மனைவி விரும்பியதைச் செய்கிறான்; இரண்டு இடத்திலும் ‘மேவன’ இழிவாகவே விழுகிறது. மனைவி என்று சொல்லாமல் ‘புதல்வன் தாய்’ என்று சொல்வதில் இருக்கும் நஞ்சைத் தனியாகவே ஒரு மணி நேரம் பேசலாம். உங்கள் அளவுகோலில் இந்தப் பாட்டுக்கு ‘உவமை, உருபு போல’ என்று எழுதினால் முழு மதிப்பெண்.

எள்ளலுக்கு உருபு கிடையாது என்பதுதான் இதில் அடிப்படைச் சிக்கல். சொல்லைப் பார்த்தால் தெரியாது. யார், யாரிடம், எந்த இடத்தில் சொன்னார் என்று பார்க்க வேண்டும். காளமேகத்தின் இந்த வெண்பா நீங்கள் அறிந்ததுதான்:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

பசியோடு சத்திரத்தில் காத்துக் கிடந்தவர் பாடினால் இது வசை. பொழுது சாயும்போதுதான் அரிசியே வருகிறது, குத்தி உலையில் இடுவதற்குள் ஊர் உறங்கிவிடுகிறது, ஓர் அகப்பைச் சோறு இலையில் விழுவதற்குள் விடிவெள்ளி முளைத்துவிடுகிறது. சத்திரக்காரர் மனம் நொந்துபோக, கவிஞர் அதே பாட்டை வாழ்த்தாக மாற்றிப் பொருள் சொன்னார் என்று கதை. நாட்டில் உணவே அற்றுப்போகும் பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வரும், உலையில் இட்டால் ஊர்ப்பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மையைப் பார்த்து வெள்ளியும் நாணி எழுந்து ஓடும். ஓர் எழுத்தும் மாறவில்லை. நாளைக்கு இந்தப் பாட்டைக் கொடுத்து ‘சத்திரத்தின் சிறப்புகளைத் தொகுத்து எழுதுக’ என்று நீங்கள் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டேன். காத்தான் வருத்தப்பட்ட அளவுக்காவது நாம் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் இல்லையா?

ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு இன்னும் நுட்பமானது. அதில் வசைச் சொல் என்று ஒன்றுகூட இல்லை. இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிக்க அரண்மனையில் இருக்கின்றன. அவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. ‘இவ்வே’, ‘அவ்வே’ என்ற இரண்டு சுட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. அதியமானின் தூதாகப் போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அப்போது பாடியது என்ற குறிப்பு பாட்டின் கீழே இல்லாவிட்டால், இரண்டு ஆயுதக் கிடங்குகளைப் பற்றிய வருணனை என்றுதான் யாரும் வாசிப்பார்கள். ‘இவ்வே’ யாருடையது என்பதே தெரியாது. தொகுத்தவர்கள் ‘பாடாண், வாள்மங்கலம்’ என்று துறை வகுத்ததோடு நிறுத்தாமல் சூழலையும் எழுதி வைத்தார்கள். உங்கள் வினாத்தாளில் பாட்டு வருகிறது, சூழல் வருவதில்லை. இடம் போதவில்லை என்று காரணம் சொல்கிறீர்கள். ஒரு வரிக்கா இடமில்லை?

‘கரையான் படித்திருந்தது’ என்ற தொடருக்கும் வருகிறேன். அதற்கும் ஒரு மதிப்பெண் வினா வைத்திருந்தீர்கள். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வேற்றுமை, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் விடை தற்குறிப்பேற்றம், அதாவது இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. அரித்ததைப் ‘படித்தது’ என்றதில் உருவகம் இருக்கிறது என்று ஒரு பிள்ளை வாதிட்டால் நான் ஒப்புக்கொள்வேன். நீங்கள் சொல்வதையும் ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தொடர் அங்கே என்ன வேலை செய்கிறது? நூலகருக்கு ஆறு வாக்கியமாகப் போர்த்திய பொன்னாடையை அது ஒரே இழுப்பில் உருவிவிடுகிறது. அதற்கு நான்கு கட்டத்தில் ஒரு கட்டமும் இல்லை.

தற்குறிப்பேற்றம் என்றதும் நாம் எல்லோரும் எடுத்து நீட்டுவது சிலப்பதிகாரத்தின் மதில் கொடிகள்தான். ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’, அதாவது மதுரைக்கு வராதீர்கள் என்று கோவலனுக்கும் கண்ணகிக்கும் கை காட்டி மறிப்பது போல அவை அசைந்தன. அணியின் பெயர், விளக்கம், பொருத்தம், முழு மதிப்பெண். அதே புறஞ்சேரி இறுத்த காதையில் கொஞ்சம் முன்னால் வையை வருகிறாள். கண்ணகிக்கு நேரப்போவது ‘தான் அறிந்தனள் போல்’, பூக்களை ஆடையாகப் போர்த்திக்கொண்டு கண்ணீரை உள்ளே அடக்கி மறைக்கிறாள். இதுவும் தற்குறிப்பேற்றம், சரி. அடுத்த அடியைப் பாருங்கள். ‘புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறென’ வியந்து தொழுகிறார்கள் கண்ணகியும் கோவலனும். அழுகையை மறைக்க அவள் போர்த்திய பூவையே அழகு என்று பார்க்கிறார்கள். ஆற்றுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரிகிறது, அந்த இரண்டு பேருக்குத் தெரியவில்லை. முரண்நகைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. நம் அணிவிளக்கம் முந்தின அடியோடு நின்றுவிடுகிறது. ஒரே ஒரு முறை இந்த அடுத்த அடியையும் சேர்த்து நடத்தினேன். ‘ஐயோ’ என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னாள்.

முரண்நகை என்பதெல்லாம் மேனாட்டுச் சரக்கு, நம் மரபில் வஞ்சப்புகழ்ச்சி ஒன்று போதும் என்று கருத்தரங்கு ஒன்றில் உங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மரபு அவ்வளவு சின்னதில்லை. தொல்காப்பியம் அங்கதம் என்னும் வசையைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரிக்கிறது. முகத்துக்கு நேரே சொன்னால் முதல் வகை, மறைத்துச் சொன்னால் இரண்டாம் வகை. நகைக்குக் காரணங்களை அடுக்கும்போது எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. 35 பொருளணிகளைச் சொல்லும் தண்டியலங்காரம், புகழ்வது போலப் பழிப்பதை இலேசம் என்ற அணியில் பேசுகிறது. இத்தனை பெயர்களை வைத்திருந்தவர்கள், சொன்னதற்கும் குறித்ததற்கும் நடுவே இருக்கும் இடைவெளியை எத்தனை கோணத்தில் பார்த்திருப்பார்கள்! பழைய பெயர் எல்லாவற்றுக்கும் போதாது என்பதும் உண்மை. வையையின் பூவாடைக்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் வைக்க முடியாது, அங்கே யாரும் யாரையும் பழிக்கவில்லை. அதற்கு முரண்நகை என்ற சொல்லை எடுத்துக்கொள்வதில் என்ன குறைந்துவிடும்? (இந்த மடலில் எதையும் கரந்து சொல்லவில்லை, செம்பொருள் அங்கதம்தான் என்று தெளிவுபடுத்திவிடுகிறேன். இதையும் யாராவது பாராட்டுக் கடிதமாகக் கோப்பில் சேர்த்துவிடக் கூடாது.)

புதுமைப்பித்தன் ஒரு சிறுகதைக்குப் ‘பொன்னகரம்’ என்று பெயர் வைத்தார். பொன் ஒரு குன்றிமணி அளவும் இல்லாத சந்தின் கதை. கதையைப் படிக்காமல் தலைப்பை மட்டும் பார்த்து ‘செல்வம் கொழிக்கும் நகரம்’ என்று பொருள் எழுதுகிற மாணவனை நான் கண்டிக்கலாம். படித்த பிறகும் அப்படி எழுதினால்தான் மதிப்பெண் என்ற நிலையில் அவனிடம் நான் என்ன சொல்ல முடியும்?

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆயிரக்கணக்கான தாள்கள், நூற்றுக்கணக்கான திருத்துநர்கள். ஆளுக்கு ஒரு மாதிரி மதிப்பெண் போட்டால் பிள்ளைகளுக்குத்தான் அநீதி; எனவே ஒரே குறிப்பு வேண்டும். நானும் திருத்துகிறவன்தான், மாலை நாலு மணிக்கு மேல் எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எள்ளலை அளவிட முடியாது என்பதை ஏற்க மாட்டேன். நூலகர் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘இப்பகுதி நூலகரை உண்மையில் எப்படிக் காட்டுகிறது? அதை உணர்த்தும் இரண்டு இடங்களைச் சுட்டி விளக்குக’ என்று கேட்டிருக்கலாம். மேலோட்டமாக என்ன சொல்கிறது என்பதற்கு ஒன்று, உள்ளே என்ன குறிக்கிறது என்பதற்கு ஒன்று, சுட்டிய இடங்களுக்கு இரண்டு. ‘பகல் முழுவதும்’, ‘கரையான்’, ‘பூட்டியே’ ஆகிய சொற்களில் ஏதாவது இரண்டு விடையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்த முறையில் அந்த மாணவிக்கு நாலுக்கு நாலு கிடைத்திருக்கும். பன்னிரண்டு உருபை ஒப்பித்தவனுக்கு ஒன்று கிடைத்திருக்கும்.

இனி நான் கேட்பவை.

முதலாவது அந்த விடைக்குறிப்பைத் திரும்பப் பெறுங்கள். தவறு நேர்ந்தது என்று எல்லாத் திருத்தும் மையங்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தக் கேள்விக்கு எள்ளலை உணர்ந்து எழுதிய ஒவ்வொரு விடையையும் மறுபடி மதிப்பிடுங்கள், விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிடாமல். மறுமதிப்பீட்டில் விடைக்குறிப்பையே கேள்வி கேட்க ஒரு வழி வேண்டும். இப்போது கூட்டல் பிழைக்கு வழி இருக்கிறது, குறிப்பில் இருக்கும் பிழைக்கு இல்லை.

அடுத்த வினாத்தாள் அச்சுக்குப் போவதற்குள், அணி வினாக்களில் பெயருக்கு ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் ஒதுக்குவதை நிறுத்துங்கள். அந்த அணி அந்தப் பாட்டில் என்ன செய்கிறது என்பதற்கு மீதியைக் கொடுங்கள். பாட்டோ உரைநடையோ, யார் யாரிடம் எப்போது சொன்னது என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள். பாட்டின் வரிகளையே சான்று காட்டி எழுதினால், குறிப்பில் இல்லாத விடையையும் ஏற்கலாம் என்று திருத்துநருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். முதன்மைத் தேர்வாளர் என்னிடம் குனிந்து மெதுவாகச் சொன்னதை நிமிர்ந்து சொல்லும்படி. குறிப்பை இறுதி செய்யும் முன் வகுப்பில் நிற்கும் ஆசிரியர் நாலைந்து பேரைக் கூப்பிட்டு, பகுதியை ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். யாராவது சிரித்தால் ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக, அந்த மாணவிக்குக் குழுவின் பெயரில் ஒரு பதில் கடிதம் வேண்டும். விடைத்தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பதில் ‘விடைக்குறிப்பின்படி’ என்று தொடங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்